ஆறு நட்டுகளை முறுக்கியது நான்தான்

தனுஷா,

நீ பகாங்கில் குவாலா லிப்பிஸுக்குப் போய் ஏழு வாரம் ஆகிறது. இதை நீ கிளம்புவதற்கு முந்தின நாளே எழுதி உன் கையில் கொடுத்திருக்க வேண்டும். மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது, உன் அப்பாவும் நானும் காலையில் பசியாறும்போது பேசிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க இப்போதுதான் பழகிக்கொண்டேன். ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை உனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பி முடித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பண்டமாரானில் மணியம் அங்கிள் வண்டி பழுதுபார்க்கும் பெங்கேலில் அன்றைக்கு நீ குரல் உயர்த்தியதை நாலு பேர் நின்று கேட்டார்கள். அதனால் நான் சொல்லப்போவதையும் நாலு பேர் படிக்கட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

உன் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தபோது பின்பக்க ஸ்பிரிங்கின் ஆறு நட்டுகளையும் முறுக்கியது மணியம் அங்கிள் இல்லை. நான்.

படித்துவிட்டு நீ உடனே போனை எடுப்பாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு. முழுக்கப் படித்துவிட்டு எடு.

அந்த வண்டியை நீ பந்திங் பக்கம் ஏதோ ஒரு தோட்ட அலுவலகத்திலிருந்து வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து, சுங்கை வேயில் நம் வீட்டு வாசலில் நிறுத்திய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன்னைவிட மூன்று வயது மூத்த ஃபோர் வீல். முன்பக்கம் நிமிர்ந்து, பின்பக்கம் குனிந்து, உட்காரப்போகிற மாடு மாதிரி நின்றது. உனக்குக் கிடைத்தது காட்டுக்குள் ஓடும் ஆறுகளில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துவரும் வேலை, செம்மண் பாதையில் சாதாரணக் கார் போகாது என்று நீ நூறு தடவை விளக்கினாய். எல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி இருந்தேன். நம் தெருமுனையில் இருக்கிற வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு ‘டொக்’ கேட்கும். நீ வீடு திரும்புவதை அந்தச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வேன். கேட்டால் ஒரு நிம்மதி. இந்தச் சத்தத்தோடா இவள் பகாங் வரைக்கும் போகப்போகிறாள் என்று அடுத்த நிமிஷமே கவலை வந்துவிடும்.

உன்னை மணியம் அங்கிளிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். துறைமுகத்தில் அப்பாவோடு வேலை செய்பவர்கள் முக்கால்வாசிப் பேரும் அவரிடம்தான் வண்டி விடுவார்கள். எந்தச் சேதியையும் மூடி மறைக்காமல் சொல்கிற போர்மன் என்று அவருக்குப் பெயர். ‘இந்த வண்டி தேறாது’ என்று அவர் வாயால் சொல்லிவிட்டால் உன்னைத் தடுக்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கும் என்றுதான் கூட்டிப்போனேன். இதுவும் உனக்குத் தெரியாது. அவரோ பின்கதவின் மேல் கையை ஊன்றி அமுக்கி விட்டார். வண்டி மூன்று முறை ஆடி நின்றது. குலுக்கலைத் தாங்கும் அப்சார்பர் போய்விட்டது என்றார். அடியில் படுத்து, ஸ்பிரிங் முனையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். பழைய ரப்பர் கறுப்புப் பொடியாக அவர் முகத்தில் உதிர்ந்தது. இடது பக்க ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் பட்டைகளில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எஞ்சின் நல்லா இருக்கு, அடியில ஜாசிஸ்ல துருவில்ல. பின்னால மட்டும் எல்லாத்தையும் மாத்திட்டா இந்தக் காடி இன்னும் பத்து வருஷம் ஓடும்,” என்றார். நான் எதிர்பார்த்துப் போனது அது இல்லை. நீ சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதோடு விட்டாரா? வேலையை நீயே செய் என்றார். மூலையில் ஓர் இடத்தையும் சாமான் பெட்டியையும் உனக்கு விட்டுக்கொடுத்தார். “காட்டுல நின்னுட்டா நானா வரப்போறேன்?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை முழுக்க நீ பழையதைக் கழற்றுவதிலேயே போராடினாய். துருப்பிடித்த போல்ட் ஒன்று ரப்பர் புஷ்ஷுக்குள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றதாம், கடைசியில் அறுத்துத்தான் எடுத்தீர்களாம். சாயங்காலம் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக வந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஸ்பிரிங்கைப் பற்றி அப்பாவுக்கு வகுப்பு எடுத்தாய். நான் அடுப்படியில் இருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டுதான் மறுநாள் நான் காரியம் செய்தேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எங்கிருந்து தொடங்கியது என்று சொல்கிறேன். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட். நீ தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று உன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். வரும். திருப்தியாகாது, மறுபடி வைப்பேன், நீ விழித்து அழுவாய். அழுதால் உயிரோடு இருக்கிறாய் என்று சந்தோஷப்படுவேன். பிள்ளையைத் தூங்க விடாமல் பண்ணிவிட்டுப் பிள்ளை தூங்கமாட்டேன் என்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருபது வயதில் அதுகூடப் பரவாயில்லை. நீ ஐந்தாம் வகுப்பில் பள்ளி முகாமுக்குப் போனபோது, பேருந்துக்குப் பின்னாலேயே உலு யாம் வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்தேனே, அதை என்ன சொல்ல? ஆற்றங்கரையில் மரத்துக்குப் பின்னால் நின்ற என்னை முதலில் பார்த்தது உன் தோழிகள். நீ என்னைப் பார்த்துவிட்டு, தெரியாதவளைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வந்ததோ, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்ற யோசனைதான்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அரை நாள் வேலை முடிந்து, வடையும் தோசையும் வாங்கிக்கொண்டு நான் பெங்கேலுக்கு வந்தேன். புது ஸ்பிரிங் இரண்டும் ஏறியிருந்தன. அப்சார்பர் மட்டும் வேறு நீளத்தில் கொடுத்துவிட்டார்கள் என்று நீயும் அங்கிளும் அதை மாற்றிவரக் கிள்ளானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். வரும்வரைக்கும் கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி என்று அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். பத்து நிமிஷம் நாற்காலியில் இருந்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். பிறகு அட்டையை விரித்துப் படுத்து அடியில் நகர்ந்தேன். உன் கைவேலையைப் பார்க்கலாம் என்றுதான், சத்தியமாக. புது ஸ்பிரிங் கறுப்பாகப் பளபளத்தது. பக்கத்துக்கு மூன்று நட்டு. ஒன்றை விரலால் தொட்டேன், சுற்றியது. இன்னொன்றைத் தொட்டேன், அதுவும் சுற்றியது. ஆறும் அப்படியே. என் பிள்ளை ஒன்றையும் முறுக்கவில்லை. திங்கட்கிழமை இந்த வண்டியில்தான் மலைப்பாதையில் போகப்போகிறாள்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? போன் கையில்தான் இருந்தது. “ஏம்மா, நட்டெல்லாம் லூசா இருக்கே, அப்படித்தான் விடணுமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீயும் ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லியிருப்பாய். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று முடிவே கட்டிவிட்டேன். நான் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் நினைத்தேன். இரண்டு ஸ்பேனரை எடுத்தேன். ஒன்றால் போல்ட்டின் தலையைப் பிடித்து, மற்றொன்றைக் காலால் உதைத்து உதைத்து, ஆறையும் என்னால் முடிந்த மட்டும் இறுக்கினேன். முடித்துவிட்டு வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நீங்கள் திரும்பி வந்ததும் தட்டில் வடையை எடுத்து வைத்தேன். முறுக்கியதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் உனக்கு அவமானமாகப் போகும், மறந்ததைச் சுட்டிக்காட்டியதுபோல ஆகும் என்று நினைத்தேன். உன் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம்.

நீ அப்சார்பரை மாட்டினாய், சக்கரத்தைப் போட்டாய், வண்டியைத் தரையில் இறக்கினாய். பின்பக்கம் அழகாக நிமிர்ந்து நின்றது. அதன் மேல் ஏறி நின்று நாலைந்து தடவை குதித்து ஆட்டிவிட்டு, கடைசியாக இறுக்குவதற்கு ஸ்பேனரோடு அடியில் போனாய். போன வேகத்தில் வெளியே வந்தாய். கையால் சுற்ற வேண்டிய நட்டு அசையவில்லை. அப்போது லோரி ஓட்டும் இரண்டு பேர் தங்கள் வண்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்துக் கடை டயர்க்காரர் வாசலில் நின்றிருந்தார், நானும் இருந்தேன்.

“அங்கிள், கீழ இறக்கினப்புறம்தான் டைட் பண்ணணும்னு காலையிலயே சொன்னேன்ல. தொங்கும்போது முறுக்கினா ரப்பர் கிழிஞ்சிடும்னு தெரியாதா உங்களுக்கு? எதுக்கு கை வெச்சீங்க?”

முப்பது வருஷமாக அந்தத் தொழிலில் இருப்பவரிடம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாய், அவருடைய இடத்தில், அவருடைய வாடிக்கையாளர்கள் முன்னால். அவர் உன்னைப் பார்த்தார். சாமான் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சோரி லா பாப்பா, பழக்கதோஷம்,” என்றார். டயர்க்காரர் சிரித்துவிட்டு உள்ளே போனார். லோரிக்காரர்களில் ஒருவர், இந்தக் காலத்துப் பிள்ளைங்க போர்மனுக்கே பாடம் எடுக்குதுங்க என்றார். நான் வடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் உனக்காக நான் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன்! பள்ளியில், மருத்துவமனையில், பேருந்து நிறுத்தத்தில், தேவையில்லாத இடத்திலெல்லாம் வாயைத் திறந்திருக்கிறேன். பேச வேண்டிய ஒரே இடத்தில் தட்டோடு நின்றேன்.

இன்னும் வெட்கமான ஒன்று இருக்கிறது. நான் கிள்ளான் தொழிற்சாலையில் பார்ப்பது ரப்பர் சோதிக்கும் வேலை. துண்டு துண்டாக வெட்டிய ரப்பரைக் கருவியில் பிடித்துக் கிழியும்வரை இழுத்துக் குறிப்பெழுதுவதைப் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். பத்து விநாடி யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். பட்டையின் முனை வளையத்துக்குள் அந்த ரப்பர் இருக்கிறது. வண்டி தொங்கும்போது நட்டை இறுக்கினால் அது அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். பிறகு எடை ஏறி ஸ்பிரிங் விரியும்போது, பிடிபட்ட ரப்பர் முறுகும். வண்டி சும்மா நிற்கும்போதும் அது முறுகியபடிதான் நிற்கும், ஒரு நிமிஷமும் ஓய்வில்லை. சில மாதத்தில் கிழியும். தரையில் நின்று, சுமக்க வேண்டிய எடையைச் சுமந்த பிறகு இறுக்கினால் நின்ற நிலைதான் அதற்கு ஓய்வு. நீ தளர்வாக விட்டது மறதியால் இல்லை, தெரிந்துதான் விட்டாய். உனக்கு என்னைவிட நன்றாக ரப்பரைத் தெரிந்திருந்தது. நீ ஆறையும் தளர்த்தி, மறுபடி வண்டியை ஆட்டி, முறையாக இறுக்கி, ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைக் கோடு போட்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பிள்ளை காட்டில் பிழைத்துக்கொள்ளும் என்று முதல்முறையாக எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். வேறொருவர் என் பழியைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நிற்கும்போது.

நீ கிளம்பிய வாரமே நான் அவரிடம் போனேன். சொல்ல ஆரம்பிப்பதற்குள், தெரியும் என்றார். எப்படி என்று கேட்டேன்.

“ஸ்பேனர் ரெண்டையும் தொடைச்சு, சைஸ் பாத்து அடுக்கி வெச்சிருந்தீங்க. இந்த பெங்கேல்ல முப்பது வருஷத்துல யாரும் அப்படி வெச்சதில்ல, தங்கச்சி.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஊரை விட்டுப் போகிற பிள்ளை அம்மாவோடு சண்டை போட்டுவிட்டா போக வேண்டும், எனக்கென்ன, நாளைக்கே மறந்துவிடுவாள் என்றார். விட்டுவிடுங்கள் என்று கையை வீசினார். நானும் விட்டுவிட்டேன். அவரே மன்னித்த பிறகு என்ன என்று சமாதானம் செய்துகொண்டு ஐந்து வாரம் நிம்மதியாகவே இருந்தேன்.

போன வாரம் நீ போனில் சொன்னாயே, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டையெல்லாம் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்க வேண்டும், அதை லிப்பிஸிலேயே நானே முடித்துவிட்டேன் என்று. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதோடு நிறுத்தாமல், “அந்த அங்கிளுக்கு வயசாயிடுச்சும்மா, இனி அவர்கிட்ட வண்டிய விடமாட்டேன். என் பிரெண்டும் அங்க போலாமான்னு கேட்டான், வேணாம்னுட்டேன்,” என்றாய். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றது பெங்கேல் வாசலோடு முடியவில்லை, பகாங் வரைக்கும் போய்விட்டது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, “மணியத்துக்கிட்ட சொன்ன, சரி. அவர் தப்பு பண்ணலன்னு புள்ளைக்கு யார் சொல்றது?” என்று மட்டும் கேட்டார்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தப்பு முழுக்க என்னுடையது, ஆனால் அன்றைக்கு நீ யார் முறுக்கியது என்று கேட்கவே இல்லை. எதுக்கு கை வெச்சீங்க என்றுதான் கேட்டாய். நட்டு லூசாக இருந்ததைப் பார்த்ததும் நீ மறந்துவிட்டாய் என்று நான் முடிவு கட்டினேன். நட்டு இறுகியிருந்ததைப் பார்த்ததும் அவர்தான் என்று நீ முடிவு கட்டினாய். என் பிள்ளை என்பதில் சந்தேகமே இல்லை. வேலையில் உன் கீழே நாலு பேர் வருவார்கள், ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். அப்போது முதலில் யார், என்ன ஆயிற்று என்று விசாரி. கோபப்படுவதற்கு நேரம் எப்போதும் இருக்கும். இதைச் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் நான்தானே சொல்ல வேண்டும்.

நேற்று மணியம் அங்கிளிடம் போய், இதை எழுதப்போகிறேன் என்றேன். முதலில் வேண்டாம் என்றார். நீ போனில் சொன்னதையும் உன் தோழன் கதையையும் சொன்னேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும். அவருக்கு அது வலித்திருக்கிறது, தனுஷா. பிறகு, “எழுதுங்க. ஆனா வயசாயிடுச்சுன்னு பாப்பா சொன்னத மட்டும் எழுதிடாதீங்க,” என்றார். அதையும் எழுதிவிட்டேன். அவரிடம் அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் கடை டயர்க்காரரிடமும் போய், அன்றைக்கு முறுக்கியது நான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டு வந்தேன். லோரிக்காரர்கள் இரண்டு பேரும் யாரென்று தெரியவில்லை. அவர்கள் இதைப் படிக்கட்டும்.

இப்போது போனை எடு. முதலில் அவரைக் கூப்பிடு. காலையில் எட்டரைக்குக் கடை திறப்பார், பத்து மணிக்குமேல் அடியில் படுத்திருப்பார், எடுக்கமாட்டார். உன் தோழனையும் கூப்பிட்டுச் சொல். அப்புறம் என்மேல் உனக்கு எத்தனை நாள் கோபமாக இருக்க வேண்டுமோ அத்தனை நாள் இரு. நீ போனதிலிருந்து காலையில் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டாயா, மழையா, எங்கே இருக்கிறாய் என்று. இன்றிலிருந்து நான் கூப்பிடமாட்டேன். உனக்குப் பேசத் தோன்றும்போது நீ கூப்பிடு. எத்தனை நாளானாலும் சரி, நான் இருந்துகொள்கிறேன்.

அம்மா